கடற்காற்றும் வெல்லமும் காவலாகா

புதுச்சேரியின் லாஸ்பேட்டை போன்ற குடியிருப்புப் பகுதிகளில், வீட்டு முன்தாழ்வாரத்திலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ மரவேலையும் பாலீஷும் சால்டரிங்கும் செய்வோரிடையே ஒரு கருத்து வேரூன்றியுள்ளது. தூசு என்பது தொழிற்சாலைகளின் சிக்கல் என்றும், கடலோர ஊரில் கதவைத் திறந்துவைத்து, முகத்தில் துணி கட்டி, மாலையில் ஒரு துண்டு வெல்லமோ வாழைப்பழமோ தின்றால் போதும் என்றும் அது கூறுகிறது. தூசு காற்றில் கலந்த பின்னரே தொடங்கும் இந்தப் பாதுகாப்பு ஏன் போதாது என்பதைக் கூறு கூறாக ஆராய்வது தேவையாகிறது.

முதலாவதாக, மரத்தூள் இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்ற வாதம். இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் பகுதியின் மரத்தொழிலாளரிடம், அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோய் வழக்கத்தைவிட மிக அதிகமாகக் காணப்பட்டதை 1960களிலேயே மருத்துவர்கள் பதிவுசெய்தனர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. இன்று வீட்டுப் பட்டறைகளில் பரவியுள்ள எம்.டி.எஃப். பலகையோ, மரநாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் அழுத்தி ஒட்டியது என்பதால், அதை அறுக்கும்போது மரத்தூளோடு பசைத்தூளும் சேர்ந்தே கிளம்புகிறது.

இரண்டாவதாக, கடற்காற்று தூசைக் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கை. கண்ணுக்குத் தெரியும் மரத்தூள் விரைவில் தரையில் படிந்துவிடும். நுரையீரலின் அடியாழம்வரை செல்வது, சில மைக்ரான் அளவே உள்ள நுண்துகள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். நீரின் அடர்த்தி கொண்ட 10 மைக்ரான் துகள் அசைவற்ற காற்றில் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ ஐந்தரை நிமிடமும், 1 மைக்ரான் துகள் ஏறத்தாழ எட்டு மணி நேரமும் எடுத்துக்கொள்கின்றன. பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் காற்று, கிழக்குப் பார்த்த தாழ்வாரத்தில் எழும் இத்துகளை வீட்டுக்குள்ளேயே தள்ளுகிறது. மின்விசிறி, படிந்ததையும் மீண்டும் எழுப்புகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ கதவே திறக்கப்படுவதில்லை. தின்னரில் பரவலாகக் கலந்துள்ள டொலுயீனின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது என்பதால், அது தரையோரம் தேங்கக்கூடும். 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றப் போதுமான ஆவியை வெளியிடும் இத்திரவத்துக்குப் புதுச்சேரியில் எல்லாப் பருவமும் ஆபத்தான பருவமே.

மூன்றாவதாக, முகத்துணி. கைக்குட்டையின் இழையிடைவெளிகளும் கன்னத்தோரத் திறப்புகளும் நுண்துகளுக்கு அகன்ற வாசல்கள். என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் அளவிலான சோதனைத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும். எனினும் தாடியின்மேல் அது சரியாகப் பொருந்தாது, தின்னர் ஆவியையும் தடுக்காது. ஆவிக்கு, அதை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரி நிரப்பிய வடிகலம் தேவை. சால்டரிங்கில் எழும் வெண்புகை ஈயம் என்று பலர் அஞ்சினாலும், அந்த வெப்பநிலையில் ஈயம் குறிப்பிடத்தக்க அளவு ஆவியாவதில்லை. அது ஃப்ளக்ஸில் உள்ள ரோசின் பிசினின் புகை, ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. ஈயமோ விரல்வழி உணவில் சேர்வது என்பதால், கைகழுவுதலே அதற்குத் தடுப்பு.

நான்காவதாக, வெல்லமும் வாழைப்பழமும். உணவு செல்லும் பாதை வேறு, மூச்சு செல்லும் பாதை வேறு. தொண்டையில் ஒட்டிய தூசை விழுங்கச் செய்வதற்கு அப்பால், தின்ற பண்டம் நுரையீரலைக் கழுவுவதில்லை. லக்னோ நச்சியல் ஆய்வு மையத்தினர் எலிகளுக்கு வெல்லம் கொடுத்து, துகள் வெளியேற்றத்தில் நற்பயன் கண்டதாக 1994இல் வெளியிட்டது உண்மையே. ஆயினும் எலியிடம் கண்ட ஒரு முடிவு, மனிதர் தூசைத் தாராளமாகச் சுவாசிப்பதற்கு உரிமமாகாது.

ஐந்தாவதாக, இது தொழிற்சாலை அல்ல என்ற வாதம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசையுடன் பத்துப் பேராவது வேலைசெய்யும் இடத்தையே பொதுவாகத் தொழிற்சாலை என்று வரையறுத்தது. வீட்டுப் பட்டறை அதற்குள் வரவில்லை. தொழிற்சாலையில் வேலைநேரம் முடிந்ததும் தொழிலாளி அந்தக் காற்றைவிட்டு வெளியேறுகிறார். வீட்டிலோ குழந்தையும் முதியவரும் அதே காற்றில் உறங்குகின்றனர். வேலைநேரம் குறைவு என்பது செய்பவருக்குச் சேரும் அளவைக் குறைக்கலாம், உடன் வாழ்பவரின் பங்கை அது நீக்குவதில்லை.

அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசும் புகையும் பிறக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே உறிஞ்சும் கருவி இருக்க வேண்டும் என்றது. இதன் அறிவியல் எளியது: உறிஞ்சுகுழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தள்ளிப்போனாலே, காற்றின் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே சாண்டரின் தூசுத்துளையிலேயே நுண்வடிகட்டியுள்ள வேக்குவம் கிளீனரின் குழாயைப் பொருத்துவதும், பட்டி தேய்க்க வாட்டர் பேப்பரை நனைத்துப் பயன்படுத்துவதும், தின்னர் வேலையைத் தீப்பொறிக்கு எட்டாத திறந்தவெளியில் வைத்துக்கொள்வதும், உலர்ந்த துடைப்பத்தை விட்டு ஈரத்துணியால் துடைப்பதும் முதன்மையானவை. முகக்கவசம் இவற்றுக்குப் பின் வரும் துணை. சட்டம் எட்டாத வீட்டில் இந்தக் கடமை முழுவதும் பட்டறைக்காரரையே சாரும்.