செவ்வாய்க்குப் போன கிறிஸ்துமஸ் தாத்தா

1964-இல் அமெரிக்காவில் வந்த 'சான்டா கிளாஸ் கான்கர்ஸ் த மார்ஷியன்ஸ்' படத்தை, உலகின் படுமோசமான படங்களின் பட்டியலில் அடிக்கடி சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்கட்டும். பனிக்கரடி வேடத்துக்குள் ஆள் இருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது. ரோபோ, அட்டைப்பெட்டிக்குக் கைகால் முளைத்ததுபோல் வருகிறது. ஆனால் கதையைப் பாருங்கள். செவ்வாய்க் கிரகத்துப் பிள்ளைகளுக்குத் தொட்டிலிலேயே இயந்திரம் பாடங்களை மூளைக்குள் திணித்துவிடுகிறது. விளையாடத் தெரியாது, சிரிப்பும் வராது. பூமியின் டிவியே கதியென்று கிடக்கிறார்கள். 800 வயதுக் கிழவர் ஒருவரின் பேச்சைக் கேட்டுப் பெரியவர்கள் கிளம்பி வந்து, கிறிஸ்துமஸ் தாத்தாவை அலாக்காகத் தூக்கிப்போகிறார்கள். தாத்தா அசரவில்லை, ஜோக் அடித்தே அவர்களை வழிக்குக் கொண்டுவருகிறார். பட்டனைத் தட்டினால் பொம்மை வந்து விழும் தொழிற்சாலைதான் அவருக்கு அலுத்துப்போகிறது! வில்லனைப் பிள்ளைகள் மடக்குவதும் விளையாட்டுச் சாமான்களை வைத்துத்தான். தம் பிள்ளைகள் சிரிக்கவேண்டும் என்பதற்காகப் பூமிக்கு வரும் வேற்றுக்கிரகவாசிகளை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை. கோடிகளைக் கொட்டி எடுக்கும் விண்வெளிப் படங்கள் பலவற்றில் இந்த அளவு யோசனைகூடக் கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான். விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.