சி.சி. என்னும் மூடநம்பிக்கை

பழைய கார் வாங்கச் செல்வோரிடம் இரண்டே வினாக்கள்: எத்தனை சி.சி.? எத்தனை கிலோமீட்டர்? இவற்றைக் கொண்டு ஆயுளைக் கணிப்பது கிளிசோதிடத்தினும் கீழானது.

அமெரிக்க ஆசிரியர் இர்வ் கார்டன் 1966இல் வாங்கிய வோல்வோ பி1800, வெறும் 1.8 லிட்டர் எஞ்சினோடு 2013இல் 30 லட்சம் மைல்களைக் கடந்தது. காலந்தவறாமல் ஆயில் மாற்றிய கை அது. சிறிய எஞ்சின் கூடுதலாகச் சுழன்று உழைக்கிறது என்பது மெய்யே. அதற்கெனவே அதனை வடிக்கிறார்கள்.

தரகர் புகழும் 'குறைவாக ஓடிய' வண்டியோ, சூடேறுமுன்பே நாள்தோறும் அணைக்கப்பட்டதாயிருக்கலாம். அப்போது எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து அதைக் கெடுக்கும். நெடுஞ்சாலையில் சீராக ஓடிய லட்சம் கிலோமீட்டர் இதனினும் மேல். (மீட்டரைத் திருத்தும் திருப்பணி தனி!)

796 சி.சி. மாருதியை எள்ளும் நண்பர்களே, சேமிப்பனைத்தையும் கொட்டுமுன் டிப்ஸ்டிக்கை ஒருமுறையேனும் உருவிப் பார்த்ததுண்டா?