மனை தந்தால் வீடு வளரும்



சென்ற இதழில் வந்த மலிவு விலை வீடுகள் பற்றிய கட்டுரையில் அடுக்குகள், சதுர அடி, மானியம் என்ற கணக்கே நிறைந்திருந்தது. குடிபோகிறவர்கள் அங்கே எப்படிப் பிழைப்பார்கள் என்ற பேச்சைக் காணோம்.

இந்தூரின் அரண்யா குடியிருப்பை 1980களில் வடிவமைத்த கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி அந்தக் கேள்வியில்தான் தொடங்கினார். ஏழைக் குடும்பங்களுக்கு முழு வீடு தரவில்லை. சிறிய மனை, அதில் அடித்தளம், கழிப்பறை, தண்ணீர்க் குழாய். கையில் காசு சேரச் சேர மிச்சத்தை அவரவரே எழுப்பிக்கொள்ளலாம்: முதலில் ஓர் அறை, மகனுக்குக் கல்யாணம் என்றால் ஒரு மாடி. வழிகாட்ட 80 மாதிரி வீடுகளும் கட்டினார்கள். வாசல் படியும் திண்ணையும் தெருவோடு சேர்ந்தே இருந்தன. சின்னக் கடை வைக்க, சாயங்காலம் உட்கார்ந்து பேச அந்த இடம் போதும்.

நமக்கும் இது புதிதல்ல. சென்னையில் 1977இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் இப்படித்தான் மனையும் அடிப்படை வசதியும் தந்தார்கள். நான் குடியிருப்பதும் அப்படி வளர்ந்த ஒரு தெருவில்தான். பிறகு அந்த வழியை விட்டு, வேலை இருந்த இடத்திலிருந்து மக்களைப் பெயர்த்துக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பினோம். ஏழாவது மாடியில் இட்லிக் கடை போட முடியுமா? அப்படி அனுப்பியது பெரிய தவறு.

அடுத்த திட்டத்துக்கு வரைபடம் போடும் முன், அதிகாரிகள் எங்கள் தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர், வில்லிவாக்கம்