செயற்கைக்கால் வந்தாச்சு, கூட நடக்க யாரு?

நம்ம வீடுகள்ல யாருக்காவது கால் போயிடுச்சுன்னு பேச்செடுத்தா அடுத்த நிமிஷமே சுதா சந்திரன் வந்துடுவாங்க. 1981-ல திருச்சி பக்கம் பஸ் விபத்து, ஜெய்ப்பூர் கால், 1984-ல மறுபடி மேடை, அப்புறம் 'மயூரி' படம். கொஞ்சம் சின்ன வயசுக்காரங்கன்னா அருணிமா சின்ஹாவைச் சொல்வாங்க: 2011-ல ஓடற ரயில்ல இருந்து தள்ளிவிட்டாங்க, 2013-ல எவரெஸ்ட் ஏறிட்டாங்க. ரெண்டு பேருக்கும் பெரிய கும்பிடு. ஆனா சர்க்கரை வியாதியில முழங்காலுக்குக் கீழ எடுத்த அறுபத்திமூணு வயசு மனுஷர்கிட்ட போய் "அந்தப் பொண்ணு எவரெஸ்ட்டே ஏறிச்சே"ன்னு சொன்னா அவருக்குத் தெம்பு வருமா, எரிச்சல் வருமா? அவர் ஏற முடியாம தவிக்கறது பாத்ரூம் வாசப்படி.

நான் சொல்ற மாமா கரியாஹாட்ல இருக்கார். கொல்கத்தா வராதவங்க நம்ம ரங்கநாதன் தெருவையும் பாண்டி பஜாரையும் சேர்த்து நினைச்சுக்கோங்க. மேல ஃப்ளைஓவர், அடியில செஸ் ஆடற கூட்டம், பிளாட்பாரம் பூரா புடவை, பெட்ஷீட், வளையல். லேக் மார்க்கெட் பக்கத்துலயே இருக்கறதால தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் ரொம்ப காலமா உண்டு. மாமா வந்து முப்பத்தஞ்சு வருஷம். பசங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, புண் ஆறி, அளவெடுத்த காலும் வந்துடுச்சு. அதை பீரோ ஓரமா சாத்தி வெச்சுட்டு நாலு மாசம் வாசலைத் தாண்டலை மனுஷர். ஊர்ல சொந்தக்காரங்களுக்குக்கூடத் தெரியக்கூடாதுன்னு உத்தரவு வேற.

ஒருநாள் மாமிகிட்ட, "இல்லாத கால்ல கட்டைவிரலை யாரோ முறுக்கறாங்கடி"ன்னு சொல்லியிருக்கார். மாமி பயந்துபோய் பையனுக்கு ஃபோன் போட, அவன் மனநல டாக்டரைப் பார்க்கலாம்ங்கறான். இத்தனைக்கும் இந்த வலியைப் பத்தி உலகத்துக்கே விளக்கினவர்கள்ல ஒருத்தர் நம்ம சென்னை ஸ்டான்லியில படிச்ச வி.எஸ்.ராமச்சந்திரன்! இருக்கற காலைக் கண்ணாடியில காட்டி, போன காலும் அசையற மாதிரி மூளையை நம்பவைக்கற வைத்தியத்தை 1990-கள்லயே செஞ்சு காட்டினார். எல்லாருக்கும் பலிக்கும்னு இல்லை. ஆனா இது பைத்தியம் இல்லைங்கற ஒரு வார்த்தை மாமாவுக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடைக்கலை.

அந்த வார்த்தை வந்தது பிளாட்பாரத்துல இருந்து. மாமி வழக்கமா பெட்ஷீட் வாங்கற தாதாவுக்கு ஒரு கால் செயற்கைன்னு அவங்களுக்கே இத்தனை வருஷம் தெரியாது. விஷயம் கேட்டு, பக்கத்துக் கடைக்காரர்கிட்ட கடையை ஒப்படைச்சுட்டு ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். மாமாவுக்குப் பிடிக்கலை. "கடைக்காரன் வந்து எனக்குப் புத்தி சொல்லணுமா?"ன்னு தமிழ்ல முணுமுணுத்ததை நானே கேட்டேன். தாதா ஒண்ணும் சொல்லலை. உட்கார்ந்தார், பேண்டைச் சுருட்டினார், காலைக் கழட்டி முக்காலி மேல வெச்சார். அப்புறம் ஒரே கேள்வி: "காகு, ராத்திரி கால் இருக்கற ஞாபகத்துல இறங்கி எத்தனை தடவை விழுந்தீங்க?"

ரெண்டு தடவையாம். மாமிக்கே தெரியாது!

அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் வங்காளத்துல ஓடிச்சு. காலையில இறுக்கமா இருக்கற கால் மத்தியானம் லொடலொடன்னு ஆடுதே, செஞ்சவன் அளவைத் தப்பா எடுத்துட்டான்னு மாமா நினைச்சிருக்கார். "உங்க கட்டைக்கால்தான் காகு சுருங்குது, மேல இன்னொரு சாக்ஸ் போடுங்க"ன்னார் தாதா. அவருக்கும் இல்லாத பாதம் அரிக்குமாம், மழைக்காலத்துல ஜாஸ்தியாம்.

வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் மேரி வர்கீஸ்னு ஒருத்தர் இருந்தாங்க. 1954-ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்து போச்சு. சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிகளோட கைக்கு ஆபரேஷன் பண்ணினாங்க, அப்புறம் மறுவாழ்வு மருத்துவம் படிச்சாங்க. 1966-ல அங்க மறுவாழ்வு நிலையம் அவங்க முயற்சியில வந்தது. டாக்டரே சக்கர நாற்காலியில படுக்கை பக்கத்துல வந்து நின்னா, நோயாளிக்குத் தனியா ஆறுதல் எதுக்கு?

காலுக்கு நம்ம நாட்டுல குறை சொல்லமுடியாது. குந்தி உட்காரவும் வெறுங்காலோட நடக்கவும் தோதான ஜெய்ப்பூர் கால் 1968-லயே வந்தாச்சு. அதை இலவசமா குடுக்கற மகாவீர் சமிதி 1975-ல இருந்து இருக்கு. முகாம் போடறாங்க, அளவெடுக்கறாங்க, மாட்டிவிடறாங்க, ஃபோட்டோ எடுத்துக்கறாங்க. மாட்டினவர் வீட்டுக்குப் போனப்புறம்? அமெரிக்காவுல ஆம்ப்யூட்டி கோலிஷன்னு ஒரு அமைப்பு (1986) கால் கை இழந்தவங்களுக்கே பயிற்சி குடுத்து, புதுசா இழந்தவங்களோட பேச வைக்குது. இங்க, கார்கில்ல கால் இழந்த மேஜர் டி.பி.சிங் 2011-ல 'தி சேலஞ்சிங் ஒன்ஸ்'னு ஒரு குழு ஆரம்பிச்சார். அதுமாதிரி இன்னும் எவ்வளவோ வேணும்.

பயிற்சி முக்கியம்ங்க. கால் இழந்த எல்லாரும் நல்லா பேசிடமாட்டாங்க. தன் கதையை மட்டும் சொல்லிப் பயமுறுத்தறவங்க, ஏதாவது எண்ணெய் சிபாரிசு பண்றவங்க எல்லாம் இதுலயும் உண்டு. வயசு, எந்த இடத்துல எடுத்தாங்க, எதனாலங்கறது கொஞ்சமாவது ஒத்துப்போகணும். தாதாவுக்கு ரயில் விபத்து, மாமாவுக்குச் சர்க்கரை. அதனால இன்னொரு காலைக் காப்பாத்தறது எப்படிங்கற கேள்விக்குத் தாதாகிட்ட பதில் இல்லை. "அதை டாக்டரைக் கேளுங்க"ன்னுட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது.

இதுக்கு ஆகற செலவுதான் என்ன? டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஒரு வரி: "இதே மாதிரி ஆபரேஷன் ஆனவரோட பேச விருப்பமா?" கூடவே வர்றவருக்குப் பஸ் காசும் அன்னைக்குப் போன வியாபாரமும். தாதாகிட்ட மாமி பணம் குடுக்கப்போனப்ப அவர் வாங்கலை. போறப்ப, "அடுத்த வாரம் காகு கடைக்கு வரட்டும், ஸ்டூல் போட்டு வைக்கிறேன்"னார்.

மாமா போனார். பீரோ ஓரத்துல இருந்த காலோட, நானும் மாமியும் பின்னால. வீட்டுல இருந்து கடை இருநூறு அடி இருக்கும், இருபது நிமிஷம் ஆச்சு. பேரம் பேசி ஒரு பெட்ஷீட்டும் வாங்கினார், அறுபது ரூபா குறைச்சு.