7 பேர் சொல்லியும் நகராத நாற்காலி: சீனக் கூட்டு நிறுவனங்களில் உண்மையான முதலாளி யார்?

ஒரு நிறுவனத்தின் போர்டு கூடுகிறது. 7-க்கு 1 என்ற கணக்கில் ஓட்டுப் போட்டு தலைமைச் செயல் அதிகாரியை நீக்குகிறது. வழக்கமா என்ன நடக்கும்? அவர் பையை எடுத்துட்டுக் கிளம்புவார். 2020 ஜூனில் 'ஆர்ம் சைனா'வில் ஆலன் வூ கிளம்பவில்லை. கிட்டத்தட்ட 2 ஆண்டுகள் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

எப்படி முடிந்தது?

ஆர்ம், பிரிட்டனைச் சேர்ந்த சிப் வடிவமைப்பு நிறுவனம். நம்ம கையில் இருக்கும் ஸ்மார்ட்போன்கள் ஏறக்குறைய எல்லாமே அதன் வடிவமைப்பில்தான் ஓடுகின்றன. 2018-ல் தன் சீனக் கிளையின் 51 சதவீதப் பங்குகளை சீன முதலீட்டாளர் குழுவிடம் விற்று, அதைக் கூட்டு நிறுவனமாக மாற்றியது.

சீனாவில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பதிவு செய்யப்பட்ட முத்திரை உண்டு. ஒப்பந்தமோ, அரசு விண்ணப்பமோ, பொதுவாக அந்த முத்திரையைத்தான் கேட்பார்கள். 'சட்டப் பிரதிநிதி' என ஒருவர் பெயரும் அரசுப் பதிவேட்டில் இருக்கும். இந்த இரண்டும் வூவிடம் இருந்தன. பெயரை மாற்ற விண்ணப்பிக்கலாம்னா, அதுக்கும் அதே முத்திரை வேணும்!

2022 ஏப்ரலில் ஷென்ஷென் அதிகாரிகள் பதிவேட்டைத் திருத்திய பிறகுதான் சிக்கல் தீர்ந்தது.

51 இருந்தா போதுமா?

அதுவும் போதாது. பிரான்ஸின் டனோன் நிறுவனம் 1996-ல் சீனாவின் வாஹாஹாவுடன் கைகோத்தது. பிறகு 51 சதவீதம் டனோன் வசமே வந்தது. ஆனால் 'வாஹாஹா' என்ற பிராண்ட் பெயரைக் கூட்டு நிறுவனத்துக்கு மாற்ற, சீன வணிகமுத்திரை அலுவலகம் ஒப்புதல் தரவில்லை. வாஹாஹா நிறுவனர் ஜோங் சிங்ஹோ தரப்பு, கூட்டணிக்கு வெளியே தனி நிறுவனங்கள் தொடங்கி அதே பெயரில் பானங்களை விற்றது. 2007-ல் சண்டை வெளியே வந்தது. பல நாடுகளில் வழக்கு நடத்திய டனோன், 2009-ல் பங்குகளைக் கூட்டாளியிடமே விற்றுவிட்டு வெளியேறியது.

யார் மேல தப்பு?

'சீனாக்காரங்க ஏமாத்திட்டாங்க'ன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். ஆனால் வூவை நீக்க ஆர்முடன் சேர்ந்து நின்றது ஹோபு என்ற சீன முதலீட்டு நிறுவனம். சீனப் பங்குதாரரே அங்கே மாட்டிக்கொண்டார். கார் நிறுவனங்களின் கதை வேறு. 2022 வரை பயணிகள் கார் தயாரிப்பில் 50 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுப் பங்கு கூடாது என்பது பொது விதி. கூட்டாளி என்பது அங்கே கிட்டத்தட்ட நுழைவுக் கட்டணம்.

என் பார்வையில், இந்த இரண்டு நிறுவனங்களும் செய்த தவறு ஒன்றுதான். சதவீதத்தை எண்ணின அளவுக்கு, சாவி யாரிடம் என்று பார்க்கவில்லை. முத்திரை எந்த அலமாரியில்? பதிவேட்டில் யார் பெயர்? பிராண்ட் யாருக்குச் சொந்தம்? கையெழுத்துக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

2023-ல் பங்குச் சந்தைக்கு வந்த ஆர்ம், ஆர்ம் சைனா தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று முதலீட்டாளர்களிடம் எழுத்திலேயே சொன்னது. அந்த நிதியாண்டில் அதன் வருவாயில் சுமார் 24 சதவீதம் வந்தது அந்த நிறுவனம் வழியாகத்தான்.