டீலோன் கட்டிய வாசல்

ஜெய்சல்மேருக்குப் போகிறவர்கள் எல்லாரும் நேரே கோட்டைக்கு ஓடுகிறார்கள். நீங்கள் முதலில் கடீசர் ஏரிக்குப் போங்கள், சகோதரிகளே!

பாலைவனத்தில் ஏரியா என்று கேட்பீர்கள். சென்னையில் வருஷத்துக்கு 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அங்கே 20 சென்டிமீட்டர் பெய்தாலே பெரிய காரியம். அந்தச் சொற்ப மழையையும் வீணாக்காமல் 14-ஆம் நூற்றாண்டில் தேக்கி வைத்தவர் ராவல் கட்ஸி சிங். அவர் பெயர்தான் ஏரிக்கும். பல தலைமுறைப் பெண்கள் குடத்தின் மேல் குடம் வைத்து ஜலம் சுமந்தது இங்கிருந்துதான்.

ஏரிக்குப் போகும் வழியில் மஞ்சள் கல்லில் ஓர் அலங்கார வாசல் நிற்கிறது. அதைக் கட்டியவள் டீலோன் என்ற தாசி என்று கதை சொல்கிறார்கள். சொந்தப் பணத்தில் கட்டித் தருகிறேன் என்றாளாம். தாசி கட்டிய வாசலுக்குக் கீழே நான் நடப்பதா என்று ராஜா மறுத்துவிட்டாராம். (தாசியின் பாட்டைக் கேட்பதில் மட்டும் எந்த ராஜாவுக்கும் கௌரவம் குறைந்ததாகத் தெரியவில்லை!) டீலோன் வாதாடவில்லை. ராஜா வெளியூர் போன சமயம் பார்த்து வாசலை எழுப்பினாள். அதன் உச்சியில் கிருஷ்ணனுக்கு ஒரு கோயிலையும் வைத்துவிட்டாள். வாசலை இடித்தால் கோயிலையும் அல்லவா இடிக்க வேண்டும்? ராஜா திரும்பி வந்து என்ன செய்வார், பாவம்!

இன்று வீடுகளில் குழாய் இருக்கிறது. ஏரிக்கும் இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வருகிறது, படகு விடுகிறார்கள். குளிர்காலத்தில் போங்கள். பொழுது மிச்சமிருந்தால் ஊருக்கு வெளியே அமர்சாகர் ஏரியையும், கரையிலுள்ள ஜைனக் கோயிலையும் பார்க்கலாம். கோடையில் போனால் கோயில் இருக்கும். தண்ணீருக்கு நான் பொறுப்பல்ல.