சூலக்கரை: நடக்கிறவனுக்கும் ரோடு வேண்டும்!

மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாலு வழிச் சாலை. காரில் போகிறவர்களுக்குச் சொர்க்கம். பறக்கலாம்!

சூலக்கரைக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போக வேண்டும். கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போக வேண்டும். பஸ்சை விட்டு எதிர்ப்பக்கம் இறங்கினால்? ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் பிள்ளை. லாரிக்கும் காருக்கும் நடுவே ஓட்டம்!

"பார்த்துக் கடக்க வேண்டியதுதானே?" என்பது சுலபம். அரை மைல் சுற்றி வா என்றால், விருதுநகர் வெயிலில் எவன் வருவான்? மனுஷன் கிட்டத்து வழியில்தான் போவான். பஸ் எங்கே நிற்கிறதோ, அங்கேயே கடக்க வழி வேண்டும். 1997-ல் ஸ்வீடன் பார்லிமெண்ட் இதைத்தான் ஏற்றுக்கொண்டது. மனுஷன் தப்பு செய்வான். அதற்குச் சாவு தண்டனையாகாதபடி ரோட்டைப் போடு என்றது.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2016-ல் சாலை விபத்தில் செத்தவர்கள் 17,218 பேர். 2019-ல் 10,525 ஆகக் குறைந்தது. அரசு மனது வைத்தால் குறையும் என்று எல்லோரும் மார்தட்டினார்கள். 2023-ல்? 18,347! இறங்கியது எல்லாம் ஏறிவிட்டது.

அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தர, 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. நல்ல திட்டம். 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. அதுவும் நல்லது. ஆனால் அடிபட்ட பிறகு செலவழிக்கிற பணத்தில் கொஞ்சம், அடிபடாமல் இருக்கச் செலவானால் என்ன? சராசரி வேகத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால், உயிர்ப்பலி விபத்து நூற்றுக்கு முப்பது குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊர் வருகிற இடத்தில் வேகத்தைக் குறைக்க கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். வெளிச்சமும் கண்காணிப்பும் போதும்.

இன்னொரு கூத்து. "சர்க்கரை இருக்கு, தினமும் நடங்க" என்று டாக்டர் சொல்கிறார். வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டுமாம். எங்கே நடப்பது? ஓரத்து மண்ணிலும் டூவீலர் வருகிறது!

பாலம் கட்டுவது நெடுஞ்சாலைத் துறை. பஸ்சை நிறுத்துவது போக்குவரத்துக் கழகம். விளக்குப் போடுவது இன்னொருவர். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் காரியம் நடக்கும்.

அதற்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை மனு நாளில் அதிகாரிகள் வரட்டும். ஜீப்பில் அல்ல. டவுன் பஸ்சில் வந்து, எதிர்ப்பக்கம் இறங்கி, கடந்து பார்க்கட்டும்!